டேப் எக்கோவும் டெல்டாவின் மின்சாரமும்: கிதாருக்கு எந்த எதிரொலி?

வாசித்த ஒலியை டேப்பில் பதிந்து, சற்றுக் கழித்து எதிரொலியாகத் திருப்பித் தரும் பழைய டேப் எக்கோ எந்திரங்களை ஒப்பிடும் பேச்சு பெரும்பாலும் ஒலியின் நிறத்தில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மெல்லிசைக் குழுக்களுக்குக் கிதார் வாசிக்கும் என் போன்றவர்கள் அதற்கு முன்பே கேட்டாக வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. நம் ஊர் மின்சாரத்தில் அந்த எந்திரத்தின் மோட்டார் எப்படி ஓடும்? நம் ஊர் ஈரத்தில் அதன் டேப்பும் ரப்பரும் எத்தனை நாள் தாங்கும்? என்னிடம் ரோலண்ட் ஆர்இ-201 ஸ்பேஸ் எக்கோ ஒன்று இருக்கிறது. நண்பர் ஒருவரின் எக்கோபிளெக்ஸ் இபி-3 பல மாதங்கள் என் வீட்டில் இருந்தது. இந்த இரண்டையும்தான் இங்கே விரிவாக ஒப்பிடுகிறேன். மற்றவை, அவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டிய அளவுக்கு மட்டும் வரும்.

அடிப்படை எளிமையானது. ஓடும் டேப்பில் ஒரு ஹெட் ஒலியைப் பதிகிறது. சற்றுத் தள்ளியிருக்கும் இன்னொரு ஹெட் அதைப் படிக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை டேப்பின் வேகத்தால் வகுத்தால் கிடைப்பதே தாமதம். நொடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஓடும் டேப்பில் ஹெட்டுகள் ஒன்றரை அங்குலம் தள்ளியிருந்தால், எதிரொலி 200 மில்லிநொடி கழித்து வரும். 1950களில் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரிலிருந்த சன் ஸ்டுடியோவில் இசைத் தயாரிப்பாளர் சாம் பிலிப்ஸ் இரண்டு ஆம்பெக்ஸ் டேப் எந்திரங்களைக் கொண்டு இதையேதான் செய்தார். அதே காலத்தில் ரே பட்ஸ் என்பவர் டேப் எக்கோவைக் கிதாரின் ஒலிபெருக்கியான ஆம்புக்குள்ளேயே வைத்து எக்கோசோனிக் என்ற கருவியைச் செய்தார்; அது கிதார் கலைஞர்கள் செட் அட்கின்ஸ், ஸ்காட்டி மூர் ஆகியோரின் கைக்கும் போய்ச் சேர்ந்தது.

தாமதத்தை மாற்ற வேண்டுமானால் தூரத்தை மாற்றலாம், அல்லது வேகத்தை மாற்றலாம். எக்கோபிளெக்ஸ் முதல் வழியில் செல்கிறது. ஸ்பேஸ் எக்கோ இரண்டாம் வழியில் செல்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடுகளில் முக்காற்பங்கு இந்த ஒரு முடிவிலிருந்தே கிளைக்கிறது என்பது என் கணிப்பு.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் மைக் பேட்டில் வடிவமைத்த எக்கோபிளெக்ஸ் 1959-இல் வால்வுக் கருவியாக வெளிவந்தது; டிரான்சிஸ்டர் வடிவமான இபி-3, 1970 வாக்கில் வந்தது. அதில் டேப் ஒரே வேகத்தில் ஓடுகிறது. மேலே இருக்கும் பிடியை நகர்த்தினால் பதியும் ஹெட்டே தண்டவாளத்தில் போவதுபோல நகர்கிறது. டேப்பின் வேகம் மாறாததால் குறைந்த தாமதத்திலும் நெடிய தாமதத்திலும் எதிரொலியின் தெளிவு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். டேப், பெட்டி போன்ற ஓர் உறைக்குள் நீண்ட சுற்றாக அடங்கியிருப்பதால் ஒரே இடம் திரும்பத் திரும்பத் தேய்வதும் குறைவு. வாசித்துக்கொண்டிருக்கும்போதே பிடியை இழுத்தால் சுருதி வளைந்து, நிறுத்திய இடத்தில் சட்டென்று நிலைபெறும். இதைப் பாட்டுக்கு நடுவில் அளவோடு பயன்படுத்தத் தெரிந்தவர்கள் குறைவு. நானும் அந்தக் குறைந்தவர்களில் ஒருவன் அல்லன்.

ஸ்பேஸ் எக்கோ 1974-இல் ஜப்பானிலிருந்து வந்தது. அதில் ஹெட்டுகள் இடம் மாறுவதில்லை. பதிய ஒன்று, படிக்க மூன்று. தாமதக் குமிழைத் திருப்பினால் மோட்டாரின் வேகம் மாறுகிறது. ஆகவே தாமதத்தைக் கூட்டக் கூட்ட டேப் மெதுவாக ஓடி, மேல்ஸ்தாயி நுணுக்கங்களை இழந்து, இரைச்சலும் சற்றுக் கூடிய, மங்கலான எதிரொலியைத் தருகிறது. குறையாகத் தோன்றும் இதுவே அதன் அழகு என்பதைப் பின்னால் சொல்கிறேன். டேப்புக்குச் சுருளோ உறையோ கிடையாது. மூடிக்கு அடியிலுள்ள தட்டையான அறையில் அது தளர்வாகச் சுருண்டு கிடந்து, நெளிந்து நெளிந்து ஹெட்டுகளை நோக்கி வருகிறது. முதன்முதலில் திறந்து பார்ப்பவர்கள் டேப் சிக்கிக்கொண்டதாகவே நினைப்பார்கள். அதோடு, கம்பிச்சுருளின் அதிர்வால் மண்டபத்தில் கேட்பதுபோன்ற முழக்கத்தைத் தரும் ஒரு ஸ்பிரிங் ரிவெர்பும் உள்ளே இருக்கிறது. எந்த ஹெட், எத்தனை ஹெட், ரிவெர்ப் வேண்டுமா வேண்டாமா என்பதையெல்லாம் பன்னிரண்டு நிலைகள் கொண்ட ஒரே திருகு தீர்மானிக்கிறது.

மூன்று ஹெட்டுகளும் ஏறக்குறைய சம இடைவெளியில் இருப்பதால் ஒரு நயம் கிடைக்கிறது. மூன்றையும் சேர்த்து ஓடவிட்டு ஒரு தந்தியை ஒருமுறை மீட்டினால், அடித்த அடி ‘த’ என்று விழ, எந்திரம் ‘கதிமி’ என்று முடிக்கிறது. தாமதக் குமிழைப் பாட்டின் நடைக்குச் சரியாக வைத்துவிட்டால் தபேலாக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். எக்கோபிளெக்ஸில் படிக்கும் ஹெட் ஒன்றே என்பதால் இந்தச் சதுஸ்ர விளையாட்டு அங்கே இல்லை. எதிரொலியை மீண்டும் உள்ளே அனுப்பிப் பெறும் அடுக்கு மட்டுமே உண்டு.

நிறத்தைப் பொறுத்தவரை எக்கோபிளெக்ஸின் பெருமையில் பாதி டேப்புக்கே உரியதன்று என்பேன். இபி-3-இன் உள்ளீட்டில் எஃப்இடி வகை டிரான்சிஸ்டர் ஒன்றே ஒன்று கொண்ட, கிதாரின் ஒலியை முதலில் பெருக்கும் முன்பெருக்கி இருக்கிறது. எக்கோவை முழுக்க அணைத்துவைத்தாலும் கிதாரின் ஒலி அதன் வழியாகவே சென்று சற்றுத் தடித்து வெளிவருகிறது. எக்கோவே கேட்காத பாட்டிலும் அதை இணைத்தே வாசித்தவர்கள் இருந்தார்கள். அந்த ஒரு பகுதியை மட்டும் தனியே எடுத்துச் செய்த, காலால் இயக்கும் சிறு பெட்டிகளான பெடல்கள் இன்று கிடைக்கின்றன. ஆகவே இபி-3-இல் மயங்குபவர் முதலில் அத்தகைய பெடல் ஒன்றைக் கேட்டுப் பார்த்துவிட்டு, தாம் தேடுவது எதிரொலியையா, தடிப்பையா என்று தெளிவது நல்லது. ஸ்பேஸ் எக்கோவை இப்படிப் பிரித்து வாங்க முடியாது. அதன் சுவை முழுவதும் ஓடும் டேப்பிலும், தயங்கி வேகம் மாறும் மோட்டாரிலும், அந்த ஸ்பிரிங்கிலும் இருக்கிறது. ஜமைக்காவில் ரெகே இசைத் தயாரிப்பாளர் லீ பெர்ரி அதை ஓர் இசைக்கருவியாகவே நடத்தியதற்கும் அதுவே காரணமாக இருக்க வேண்டும்.

மங்கலான எதிரொலியின் அழகு என்றேன். நம் இசையை வாசிக்கும்போதுதான் அது புரிகிறது. தோடியின் காந்தாரத்தைத் தந்தியை இழுத்து அசைத்து வாசிக்கும்போது, 300 மில்லிநொடிக்கு முந்தைய அசைவு எதிரொலியாக வந்து இப்போதைய அசைவின்மேல் விழுகிறது. ஸ்வரம் மேலே போகும் நேரத்தில் அதன் நிழல் கீழே இறங்குகிறது. டிஜிட்டல் பெடலின் பளிச்சென்ற எதிரொலியில் இது அப்பட்டமான அபஸ்வரமாகக் கேட்கும். யாரோ இன்னொருவர் தப்பாக வாசிப்பதைப் போலவே இருக்கும். மெதுவாக ஓடும் டேப்பில் மேல்ஸ்தாயி தேய்ந்துபோவதால் அந்த நிழல், கல்மண்டபத்தில் நாதஸ்வரம் ஊதும்போது சுவரிலிருந்து திரும்பிவரும் கார்வையைப் போல, கமகத்துக்கு அடியில் படிந்துவிடுகிறது. எக்கோபிளெக்ஸில் அதே தாமதத்துக்கு எதிரொலி இன்னும் தெளிவாக இருப்பதால் எதிரொலியின் அளவைக் குறைத்தே வைக்க வேண்டியிருக்கிறது. சினிமாப் பாட்டின் நேரான ஸ்வரங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே எக்கோபிளெக்ஸ் முன்னால் நிற்கும்.

இனி மின்சாரம். அமெரிக்க எந்திரம் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டது. ஜப்பானிய உள்நாட்டு ஸ்பேஸ் எக்கோ 100 வோல்ட்டுக்கு உரியது. 220, 240 வோல்ட் ஏற்றுமதி வடிவங்களும் உண்டு என்பதால் வாங்குமுன் பின்பக்கத் தகட்டைப் படிக்க வேண்டும். வோல்ட்டைக் குறைப்பது டெல்டாவில் பெரிய காரியமே இல்லை. பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை நான்கு தெருவுக்கு ஒன்று இருக்கிறது. என் டிரான்ஸ்ஃபார்மரை அப்படிப்பட்ட ஒரு கடையில்தான் சுற்றி வாங்கினேன். முதலில் சுற்றிய ஒன்று ஒத்திகையின் நடுவில் புகைந்தது. இரண்டாவது, தடித்த கம்பியில் சுற்றியது, இன்றுவரை உழைக்கிறது. ஆனால் ஹெர்ட்ஸை, அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற எண்ணை, எந்தக் கடையிலும் மாற்ற முடியாது. எக்கோபிளெக்ஸின் மோட்டார் ஏசி (மாறுதிசை) மின்சாரத்தில் நேரடியாக ஓடுவதால், நம் 50 ஹெர்ட்ஸில் அது மெதுவாகிறது. ஹெர்ட்ஸை அப்படியே பின்பற்றும் மோட்டாராக இருந்தால் அங்கே 200 மில்லிநொடி வரும் இடத்தில் இங்கே 240 வரும். பெரிய குறையில்லை, காது பழகிவிடும். ஸ்பேஸ் எக்கோவில் இருப்பது வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுற்றோடு கூடிய டிசி (நேர்த்திசை) மோட்டார் என்பதால் ஹெர்ட்ஸ் அதற்குப் பொருட்டன்று.

வேறுபாடு திருவிழா மேடையில்தான் தெரியும். ஜெனரேட்டரில் மைக் செட்டும் சீரியல் விளக்கும் சேர்ந்து ஓடும்போது, அம்மன் புறப்பாட்டுக்கு என்று எல்லா விளக்கையும் ஒரே நேரத்தில் போட்டால், ஜெனரேட்டர் ஒரு மூச்சுத் திணறும். 50 ஹெர்ட்ஸ் 47-க்கு இறங்கினால், ஏசி மோட்டாரில் ஓடும் டேப்பில் 300 மில்லிநொடித் தாமதம் ஏறக்குறைய 320 ஆகிறது. அது மட்டுமா, இறங்கும் அந்தக் கணத்தில் டேப்பில் ஏற்கெனவே பதிந்திருக்கும் ஒலி சுருதி இறங்கிப் படிக்கப்படுகிறது. ஆறு சதவீதம் என்பது ஏறத்தாழ ஒரு ஸ்வரஸ்தானம். பாடகர் என்னை ஏன் முறைத்தார் என்பதைப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு திருவிழா பிடித்தது. குறுவைக் காலத்தில் ஊரெல்லாம் மோட்டார் ஓடி விளக்கு மங்கும் மாலைகளில் ஸ்பேஸ் எக்கோவும் தப்புவதில்லை. வோல்டேஜ் மிகவும் இறங்கினால் அதன் மோட்டாரும் தள்ளாடும். ஆனால் ஒரு ஸ்டெபிலைசர் வைத்தால் அது சமாளித்துவிடுகிறது. எக்கோபிளெக்ஸின் ஹெர்ட்ஸ் தொல்லையைச் சாதாரண ஸ்டெபிலைசர் தீர்க்காது.

இந்தக் கணக்கில் லண்டனின் சார்லி வாட்கின்ஸ் 1958-இல் கொண்டுவந்த காப்பிகேட் என்ற டேப் எக்கோவுக்கு ஒரு சலுகை உண்டு: பிரிட்டனின் மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தான். படிக்க மூன்று ஹெட்டுகள், சின்னப் பெட்டி, எளிய அமைப்பு; ரேடியோ மெக்கானிக் ஒருவரே திறந்து புரிந்துகொள்ளலாம். ஆனால் அதன் டேப் சுற்று மிகக் குட்டையானது. ஒட்டிய இடம் ஹெட்டைக் கடக்கும்போதெல்லாம் ‘டிக்’ என்று கேட்கும், டேப்பும் விரைவில் தேயும். இத்தாலியின் பின்சன் எக்கோரெக் என்ற எக்கோ எந்திரத்தில் டேப்பே கிடையாது. எஃகுக் கம்பி சுற்றிய உருளை சுழன்று, அதைச் சுற்றியுள்ள ஹெட்டுகள் பதிந்து படிக்கின்றன. பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவில் சிட் பேரட்டும், பின்னர் டேவிட் கில்மரும் வாசித்தது அதில்தான். டேப் பூசணம் பிடிக்கும் ஊரில் டேப் இல்லாத எந்திரமே சிறந்தது என்று தோன்றும். எனினும் அதன் உருளையைச் சுழற்றும் ரப்பர் சக்கரமும் உள்ளிருக்கும் வால்வுகளும் பழுதானால் இங்கே யாரிடம் கொண்டுபோவது என்பதற்கு என்னிடம் விடையில்லை. அதன் விலையும் என் பேச்சுக்கு அப்பாற்பட்டது.

ஈரத்தைப் பற்றி எல்லா டேப் எந்திரங்களுக்கும் ஒரே வார்த்தைதான் சொல்ல முடியும்: அடைமழை அவற்றுக்கு எமன். டேப்பில் காந்தத் தூளைப் பிடித்து வைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சினால் பிசுபிசுத்து ஹெட்டில் அப்பிக்கொள்கிறது. எதிரொலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிறது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் ஹெட்டையும், டேப்பை இழுத்து ஓட்டும் தண்டான கேப்ஸ்டனையும் மாதம் ஒருமுறையாவது துடைக்க வேண்டும். டேப்பை கேப்ஸ்டனோடு அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளையை அதே ஆல்கஹாலால் அடிக்கடி தேய்த்தால் ரப்பர் வறண்டு வெடிக்கும். அதற்கு ஈரத்துணியே போதும். நாகப்பட்டினம் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் சேர்கிறது. திருகாணிகளிலும் சுவிட்சுகளிலும் துரு ஏறுவது கும்பகோணத்தைவிட அங்கே விரைவு. உதிரிபாகத்தில் ஸ்பேஸ் எக்கோவே முன்னிற்கிறது. அதற்கான டேப் சுற்றுகளைப் புதிதாகச் செய்து விற்பவர்கள் வெளிநாடுகளில் இன்றும் இருக்கிறார்கள்; டேப் தளர்வாகக் கிடப்பதால் மாற்றுவதும் இரண்டு நிமிட வேலை. எக்கோபிளெக்ஸின் உறைக்குள் டேப்பை நாமே சுற்றி நிரப்ப முயன்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

பெடல்கள் இத்தனையையும் தவிர்த்துவிடுகின்றன. ஸ்ட்ரைமனின் எல் கேப்பிஸ்டன், பாஸ் நிறுவனத்தின் 2022-இல் வந்த ஆர்இ-202 ஆகிய டிஜிட்டல் பெடல்கள் டேப்பின் தேய்மானத்தையும் வேகத் தடுமாற்றத்தையும் கூடக் கணக்கிட்டுத் தருகின்றன. ஒன்பது வோல்ட் அடாப்டரில் ஜெனரேட்டரின் திணறல் தெரியாது. மேடையில் கேட்பவர் எவரும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கப் போவதில்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் ஹெட்போன் மாட்டி ஒலிப்பதிவு செய்யும்போது மட்டும், எதிரொலி தன்னைத் தானே விழுங்கி ஊளையிடும் விளிம்பில் குமிழை வைத்தால், உண்மையான டேப் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாக உடைகிறது. பெடலின் உடைவுக்கு ஒரு பழக்கம் இருப்பது சில நாளில் காதுக்குத் தெரிந்துவிடுகிறது. பழைய பாஸ் டிஎம்-2 போன்ற, ஒலியை எண்களாக மாற்றாமல் மின்சுற்றிலேயே தாமதிக்கும் அனலாக் பெடல்களும் மங்கலான எதிரொலியே தரும். கமகத்துக்கு அவையும் இசைவானவை, விலையும் குறைவு. ஆனால் தாமதம் 300 மில்லிநொடியோடு நின்றுவிடும்.

ஆகவே டேப்தான் வேண்டும் என்பவருக்கு என் தேர்வு ஸ்பேஸ் எக்கோ, அதுவும் வீட்டுக்கு. எக்கோபிளெக்ஸை விரும்புபவர் முன்பெருக்கிப் பெடல் ஒன்றையும் அனலாக் எக்கோ ஒன்றையும் அடுத்தடுத்து இணைத்தால் பெரும்பகுதி கிடைத்துவிடும். ஐப்பசி பிறக்குமுன் நான் டேப்பைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்துவிடுகிறேன். எந்திரத்தைப் பரணில் ஏற்றாமல் அலமாரியின் நடுத்தட்டில் வைக்கிறேன். தை பிறந்து வெயில் ஏறிய பிறகுதான் மறுபடி மாட்டுவது. அதுவரை கோயில் மேடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் பெடல்தான் போகிறது.