போஸ்ட்கிரெஸ் 18: கேட்காமலே ஆன் ஆகி வரும் செக்சம்

2025 செப்டம்பரில் வந்த போஸ்ட்கிரெஸ் 18 டேட்டாபேஸ் மென்பொருளை ஒரு மளிகை மொத்தக்கடையின் பில்லிங் சர்வரில் ஏற்றி நாலு மாதம் ஆகிறது. எல்லோரும் அதன் புது ஐ/ஓ (டிஸ்கில் படித்து எழுதும்) வேகத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: டேட்டா செக்சம் (டேட்டா சேமிக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் இருந்து, அது கெட்டுப்போனால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்) இனி தானாகவே ஆன். 2013-இல், 9.3-ஆம் பதிப்பிலேயே வந்த வசதிதான். ஆனால் கிளஸ்டர் (ஒரு சர்வரின் டேட்டாபேஸ்கள் எல்லாம் இருக்கும் தொகுப்பு) உருவாக்கும்போது நாமாக ஞாபகம் வைத்துக் கேட்க வேண்டியிருந்தது, நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்போது 13-ஆம் பதிப்பு, வாடகை சர்வர், யாருடையது என்பது இங்கே வேண்டாம். டிஸ்க் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருந்தது எவருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் டம்ப் (டேட்டாவைப் படித்து வெளியே எழுதி எடுக்கும் வேலை) பாதியில் நின்றது, பார்த்தால் பில் டேபிளில் சில பக்கங்கள் வெறும் குப்பை. சரி, தினமும் ஃபைல்களை அப்படியே நகலெடுத்த பேக்கப் இருக்கிறதே என்று போனால், அது மூன்று வாரமாக அந்தக் குப்பையையும் சேர்த்துப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறது. கடைசியில் கடைக்காரரின் கம்பியில் குத்தி வைத்திருந்த பில் நகல்களைப் பார்த்து இரண்டு பேர் உட்கார்ந்து டைப் அடித்தோம். செக்சம் இருந்திருந்தால் கெட்ட பக்கத்தைப் படித்த அன்றைக்கே எரர் வந்திருக்கும். (அது கெட்டதைக் காட்டிக் கொடுக்கும், சரிசெய்யாது.)

சும்மா கிடைக்கிறதா என்றால் இல்லை. டிஸ்க் இடம் பிரச்சினையில்லை, 8 கேபி பக்கம் ஒவ்வொன்றின் தலைப்பிலும் அதற்கான 2 பைட் முன்பே இருக்கிறது. சிபியூ செலவு, பக்கம் பஃபருக்கு (பக்கங்களை மெமரியில் வைத்திருக்கும் இடம்) உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும்தான், ஆகவே ஷேர்ட் பஃபரை வந்தபடி 128 எம்பியிலேயே விட்டுவைத்தால் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். உண்மையான செலவு வால் (WAL) லாகில், அதாவது மாற்றங்களை முதலில் எழுதி வைக்கும் பதிவில் இருக்கிறது. செக்சம் ஆனில் இருந்தால் ஹின்ட் பிட் (ஒரு வரிசை செல்லுபடியா என்று படிக்கும்போதே குறித்து வைக்கும் அடையாளம்) மாறினாலும், ஒரு செக்பாயின்ட்டுக்குப் (மாறிய பக்கங்களையெல்லாம் டிஸ்கில் எழுதி முடிக்கும் கட்டம்) பின் முதல் முறை என்றால், முழுப் பக்கமும் லாகில் எழுதப்படும். அதாவது வெறும் செலக்ட் ஓட்டினாலே டிஸ்கில் எழுதும்! மாதக் கடைசி ரிப்போர்ட் ஓடிய இரவில் லாக் வீங்கியதைப் பார்த்துக் குழம்பி, பிறகு வால் கம்ப்ரெஷனை ஆன் செய்ததும் அடங்கியது. கடையில் பில் போடுபவர்கள் ஒரு வித்தியாசமும் சொல்லவில்லை.

அப்கிரேடில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. பழைய கிளஸ்டரில் செக்சம் இல்லை, புதியதில் இருக்கிறது என்றால் பிஜி அப்கிரேட் (பதிப்பு மாற்றும் கருவி) நகரவே நகராது. பழையதை நிறுத்திவிட்டு பிஜி செக்சம்ஸ் கருவியால் ஆன் செய்துவிட்டு வாருங்கள். புதியதில் செக்சத்தை அணைத்துவிட்டு ஏற்றுவது சுலபம்தான், அப்படிச் செய்தால் எதற்கு இவ்வளவு?

இதே மரியாதையை, தானாகவே ஆன் ஆகி வந்த இன்னொரு வசதியான ஜிட் கம்பைலேஷனுக்கு (குவரியை ஓட்டும்போதே அதன் சில பகுதிகளை மெஷின் கோடாக மாற்றுவது) என்னால் கொடுக்க முடியாது. 2018-இல், 11-இல் அணைந்த நிலையில் வந்தது, அடுத்த ஆண்டே 12-இல் ஆன் ஆக்கிவிட்டார்கள். பெரிய அனலிடிக்ஸ் குவரிக்கு அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் பிளானர் (குவரியை எப்படி ஓட்டுவது என்று முடிவெடுக்கும் பகுதி) போடும் செலவு மதிப்பீடு 1,00,000-ஐத் தாண்டினால் போதும், அது வேலையை ஆரம்பித்துவிடும், மதிப்பீடு தப்பாக இருந்தாலும் சரி. எங்கள் ஸ்டாக் குவரியின் எக்ஸ்ப்ளெயின் அனலைஸில் (குவரி எங்கே எவ்வளவு நேரம் எடுத்தது என்று காட்டும் அறிக்கை) கடைசி வரிகளைப் பாருங்கள்: மொத்தம் 640 மில்லி செகண்ட், அதில் ஜிட்டுக்கு மட்டும் 590. கான்ஃபிகில் அதை அணைத்த ஒரே வரிக்காக எனக்கு நன்றி சொன்னவர்கள் நிறைய. செக்சம் இல்லாத குறை டிஸ்க் கெடும் வரை தெரியாது, அதனால் அதை நமக்காக யாராவது ஆன் செய்து வைக்கத்தான் வேண்டும். ஜிட் தேவைப்படுகிறவருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும், அவரே ஆன் செய்துகொள்வார்.

போஸ்ட்கிரெஸின் புள்ளிவிவரப் பட்டியலான பிஜி ஸ்டாட் டேட்டாபேஸில் செக்சம் தோல்விகளுக்கென்று ஒரு நெடுவரிசை உண்டு. திங்கட்கிழமை டீக்கு முன்னால் அதைத்தான் முதலில் பார்க்கிறேன். இன்று வரை 0.