கிளாம்ப் மீற்றரும் கிணற்றடி மோட்டரும்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

விசுவமடுப் பக்கம் தோட்டம் செய்பவர்களிடம் கேட்டால் மோட்டர் எரிந்த கதை ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள். மிளகாய்க்கும் கச்சானுக்கும் ஓயாமல் இறைக்க வேண்டிய ஆடி, ஆவணியில்தான் அது எரியும். வைண்டிங் கட்டிக் கொண்டுவந்து பூட்டினால் அடுத்த வருடமும் அதே கதை. மோட்டர் கூடாது என்பார்கள், இல்லையென்றால் லைனில் கறண்ட் காணாது என்பார்கள். அளந்து பார்த்தவர்கள் குறைவு. நான் கிளாம்ப் மீற்றர் வாங்கியது அதற்காகத்தான்.

மீற்றர் சாதாரணமானதுதான். அதன் வாயைத் திறந்து ஒற்றை வயரை உள்ளே விட்டால் அம்பியர் தெரியும். எதையும் வெட்டவோ கழற்றவோ தேவையில்லை. போகிற வயரையும் வருகிற வயரையும் சேர்த்துப் பிடித்தால் பூச்சியம்தான் காட்டும், ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடும். வோல்ற்றுக்கு வழக்கமான இரண்டு கோல்கள். வோல்ற்றை அம்பியரால் வகுத்தால் தடை, பெருக்கினால் வலு. சாதாரண தர விஞ்ஞானத்தில் எல்லோரும் படித்ததுதான்.

பழகுவதற்கு நல்ல சாமான் கேத்தில். எங்கள் வீட்டுக் கேத்திலில் 230 வோல்ற்று, 2000 வாற்று என்று எழுதியிருக்கிறது. பின்னேரம் அளந்தால் 219 வோல்ற்று, 8.3 அம்பியர். தடை 26.4 ஓம். எழுதியிருப்பதை வைத்துக் கணக்குப் பார்த்தாலும் அதே 26.4 தான் வரும், ஆகவே கேத்தில் சரி. வலு மட்டும் 1818 வாற்று. வோல்ற்று குறைந்தது 11 தான். வலுவில் 180க்கு மேல் போய்விட்டது. தடை மாறாதபோது வோல்ற்றோடு அம்பியரும் சேர்ந்து விழுவதால் அடி இரண்டு பக்கமும் விழுகிறது.

இனி மோட்டர். பக்கத்துக் காணி அண்ணையின் கிணறு வீட்டிலிருந்து நூறு மீற்றருக்குச் சற்று அதிகம். ஒரு குதிரைவலு மோட்டர், 1.5 சதுர மில்லிமீற்றர் வயர். “தம்பி, மோட்டர் உறுமுது, தூக்குதில்லை” என்றார். அவரை போர்டடியில் ஒரு பழைய மீற்றரோடு நிறுத்திவிட்டு நான் கிணற்றடிக்குப் போனேன். போனில் பேசிக்கொண்டே இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் வாசித்தோம். லைன் வோல்ற்று நிமிடத்துக்கு நிமிடம் ஆடும் இடத்தில் ஒரு மீற்றரோடு அங்கும் இங்கும் நடந்தால் கணக்கு வராது.

மோட்டர் சுற்றும்போது போர்டில் 224, கிணற்றடியில் 203. ஓட்டம் 7.5 அம்பியர். நடுவில் காணாமல் போன 21 வோல்ற்றை 7.5 ஆல் வகுத்தால் 2.8 ஓம்: வயரின் தடை அது. பெருக்கினால் ஏறக்குறைய 158 வாற்று, வயரைச் சூடாக்குவதற்கு மட்டும். தொடங்கும்போது மோட்டர் பல மடங்கு இழுக்கும். 25 அம்பியர் என்று வைத்தாலும் 70 வோல்ற்று வழியிலேயே போய்விடும், உறுமாமல் என்ன செய்யும்? 4 சதுர மில்லிமீற்றர் வயர் போட்ட பிறகு கிணற்றடியில் 216 கிடைக்கிறது. மோட்டர் அதே மோட்டர்தான்.

இந்த மீற்றரில் எனக்குப் பிடித்த வேலை இதுதான். ஓம் பக்கத்தில் திருப்பி அளந்தால் கோல்களின் தடையே 0.3 காட்டுகிறது, அதற்குள் ஒரு தளர்ந்த இணைப்பை எங்கே கண்டுபிடிப்பது? ஓட்டம் போய்க்கொண்டிருக்கும்போது சுவிச்சின் இரண்டு பக்கமும் வோல்ற்றைப் பார்த்தால் அது தானாக மாட்டும். அதே அண்ணையின் சுவிச்சில் 3 வோல்ற்று விழுந்தது. 0.4 ஓம்தான், ஆனால் ஒரு ஆணியடியில் 22 வாற்று. சின்ன ஈயப்பற்று அயன் ஒன்றை உள்ளே செருகி வைத்த மாதிரி. பிளாஸ்ரிக் ஏற்கனவே மஞ்சளித்து இளகியிருந்தது. (கறண்ட் இருக்கும்போது செய்யும் வேலை இது. காய்ந்த செருப்பு, ஒரு கை பின்னால், விரல் கோலின் விளிம்பைத் தாண்டக் கூடாது. பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ஓம் பக்கத்தில் வைத்துக்கொண்டு கறண்ட் உள்ள இடத்தைத் தொடவே வேண்டாம்.)

மோட்டரில் மட்டும் கணக்கு வேறு. வயரைக் கழற்றி வைண்டிங்கை அளந்தால் 3 ஓம் அளவில் காட்டும். 230ஐ 3 ஆல் வகுத்தால் 76 அம்பியர், ஓடுவதோ 7! ஆடலோட்டத்தில் சுருள் தன் காந்தத்தாலும் ஓட்டத்தை எதிர்க்கிறது, சுழலும் மோட்டர் எதிர் வோல்ற்றையும் உண்டாக்குகிறது. இதெல்லாம் ஓம் பக்கத்துக்குத் தெரியாது. வலுவும் அப்படித்தான். 203ஐ 7.5 ஆல் பெருக்கினால் 1522, ஆனால் அது வோல்ற்று-அம்பியர். மோட்டர்த் தகட்டில் வலுக்காரணி (வோல்ற்று-அம்பியரில் உண்மையான வலுவாக மாறும் பங்கு) 0.8 என்றிருந்தால் உண்மையான வாற்று 1200 சொச்சம், பில் வருவதும் அதற்குத்தான். இந்த விலை மீற்றர்கள் வலுக்காரணியை அளக்காது. அதை ஒரு குறையாகச் சொல்ல மாட்டேன்.

குறை என்றால் பற்றரி. தளர்ந்தால் அணையாமல், வோல்ற்றைக் கூட்டிக் காட்டத் தொடங்கும். 250, 260 என்று வந்தால் நான் முதலில் மூலையில் உள்ள பற்றரி அடையாளத்தைத்தான் பார்ப்பேன். அரை அம்பியருக்குக் கீழே வாசிப்பும் நம்பும்படியில்லை. அதற்கு வயரைப் பத்துச் சுற்று வாய்க்குள் சுற்றி, வருவதைப் பத்தால் வகுத்தால் சரி.

பெரிய விஷயம் சோலர். 2022 மின்வெட்டுக்குப் பிறகு பனலும் பற்றரியும் வைத்தவர்கள் இங்கே கன பேர். என்னுடையது ஏ.சி. (ஆடலோட்ட) அம்பியர் மட்டும் அளக்கும். பனல் வயரில் ஓடுவது டி.சி. (நேரோட்டம்), அதில் பிடித்தால் பூச்சியம்தான். பல மீற்றர்களில் டி.சி. என்று எழுதியிருப்பது வோல்ற்றுக்கு மட்டும். சோலர் வைத்திருந்தால், கிளாம்ப் வாயாலேயே டி.சி. அம்பியர் அளக்குமா என்று கடையில் பெட்டியைத் திறந்து பார்த்து வாங்குங்கள், விலை கூடும். வீட்டு வயறிங்கும் கிணற்று மோட்டரும் மட்டும் என்றால் நான் வைத்திருக்கும் வகையே போதும்.