‘சாக்கெட் ஒன்னுதான் தம்பி’ என்று சொன்னால் நம்பி விடாதீர்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராய், லூனாஸ், கூலிம் பக்கம் கேமிங் கணினியை மேம்படுத்த நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் பதிந்திருக்கிறேன், விசாரணை பாக்கி. ஆனால் என்ன செய்தார்கள் என்பதை ஒன்று விடாமல் சொல்கிறேன். இதே பேச்சை வேறு கடையில் கேட்டாலும் உங்களுக்கு அடையாளம் தெரியும்.

என் கணினி 2021-ல் வாங்கியது. இன்டெல் ஐ3-10100எஃப் புரோசஸர், எச்410 போர்டு (மதர்போர்டு; புரோசஸர் உட்காரும் சாக்கெட் இதில்தான் இருக்கும்), 16 ஜிபி டிடிஆர்4 வகை ரேம். பிறகு ஒரு ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு சேர்த்தேன். கார்டு நல்ல கார்டுதான். ஆனால் அந்த ஐ3-க்கு நான்கே கோர், அதாவது கணக்குப் போடும் பகுதி நான்குதான். புது விளையாட்டுகளில் ஆள் கூட்டம் வரும் இடத்தில் புரோசஸர் 100 விழுக்காட்டில் திணறும், கார்டு பாதி வேலைகூட இல்லாமல் காத்துக்கொண்டிருக்கும், படம் விட்டு விட்டு வரும். அதனால் புரோசஸரை மட்டும் மாற்றலாம் என்று நினைத்தேன். தீபாவளி போனஸ் கொஞ்சம் இருந்தது. குறைந்ததற்கு அம்மா கூட்டுப் பணத்திலிருந்து (சீட்டு) 300 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தார். தோட்டத்தில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கிச் சேர்த்த காசு அது. அதனால்தான் எனக்கு இத்தனை கோபம்.

கடையில் போர்டின் பெயரைத் தெளிவாகச் சொன்னேன். போனில் இருந்த படத்தையும் காட்டினேன். கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி.

“பத்தாவது ஜெனரேஷன்தானே? அப்ப 1200 சாக்கெட். பதினொன்னாவதும் அதே சாக்கெட்தான் தம்பி. ஐ7-11700எஃப் ஒன்னு கையில இருக்கு. போட்டா ஓடும்.”

“உறுதியா ஓடுமாண்ணே?”

“எத்தனை பேருக்குப் போட்டிருக்கேன்!”

பழைய புரோசஸர், 780 வெள்ளி. மாட்டிக் கொடுக்க 50. மறுநாள் மாலை போனேன். விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் ஒன்றும் இல்லை. “பயோஸ் அப்டேட் பண்ணணும், 60 வெள்ளி” என்றார். பயோஸ் என்பது கணினியை எழுப்பிவிடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள். அதையும் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, “போர்டு பழசு, இழுக்கல. எச்510 போர்டு மாத்திடு, 320-க்குத் தர்றேன்” என்றார்.

அன்று இரவு ஷிப்ட். எங்கள் ஆலையில் சோதனைப் பிரிவில் இருக்கும் அண்ணன் ஒருவரிடம் மூன்று மணி டீ நேரத்தில் இதைச் சொன்னேன். போர்டின் பெயரை வாங்கி, தயாரித்த நிறுவனத்தின் பக்கத்தில் புரோசஸர் ஆதரவுப் பட்டியலைத் திறந்து காட்டினார். டீ ஆறுவதற்குள் விஷயம் முடிந்தது. என் போர்டின் பட்டியலில் 11-ஆம் தலைமுறையே இல்லை.

இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். எல்ஜிஏ1200 என்பது சாக்கெட்டின் வடிவம் மட்டும்தான். 10-ஆம் தலைமுறையும் 11-ஆம் தலைமுறையும் அதில் அப்படியே உட்காரும், மூடி மூடும். ஆனால் உட்கார்ந்த புரோசஸரோடு பேச வேண்டியது போர்டில் உள்ள கட்டுப்பாட்டுச் சில்லான சிப்செட். எச்410, பி460 சிப்செட் போர்டுகள் பெரும்பாலும் 10-ஆம் தலைமுறையோடு நின்றுவிட்டன. எச்470, இசட்490 போர்டுகள் பயோஸ் புதுப்பித்தால் 11-ஐ ஏற்கும். எச்510, பி560 போர்டுகள் 10, 11 இரண்டு தலைமுறையையும் ஏற்கும். என் போர்டு 11-ஐ ஏற்கும்படியான பயோஸ் எதுவும் வெளிவரவே இல்லை. இல்லாத ஒன்றைப் போட்டதாகச் சொல்லித்தான் 60 வெள்ளி வாங்கியிருக்கிறார். தினமும் கணினி விற்பவருக்கு இது தெரியாதா? தெரியாது என்றால் அதற்குக் கூலி வாங்கக் கூடாது. தெரியும் என்றால் அதற்குப் பெயர் ஏமாற்று.

இன்டெல் பக்கத்துப் பினாங்கில் ஆலை திறந்தது 1972-ல். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) விடியற்காலை சிப் ஆலைக்குப் பஸ் ஏறும் அக்காமார்கள் எத்தனையோ பேர். அப்படிப்பட்ட ஊரில் ‘இவனுக்கு என்ன தெரியப்போகிறது’ என்று நினைத்து விற்றிருக்கிறார்களே என்பது எனக்கு இன்னும் வலிக்கிறது.

மறுநாள் போய்ப் பட்டியலைக் காட்டி, புரோசஸரை எடுத்துக்கொண்டு காசைத் திருப்பித் தரச் சொன்னேன். சுவரில் ஒட்டியிருந்த ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற தாளை விரலால் காட்டினார். சரி, என் பழைய ஐ3-யையாவது மாட்டிக் கொடுங்கள் என்றேன். “பிஸி தம்பி, வீட்டுல போட்டுக்க” என்று போர்டைப் பையில் போட்டுக் கையில் கொடுத்தார்.

வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். இந்தச் சாக்கெட்டில் 1200 பின். மயிரிழை மாதிரி, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, வெளிச்சத்தில் ஒரே சீராக மின்ன வேண்டும். இடது மூலையில் மட்டும் அந்தச் சீர் உடைந்திருந்தது. ஐந்து பின் படுத்துக் கிடந்தன, ஒன்று பக்கத்துப் பின்னைத் தொட்டுக்கொண்டிருந்தது. தம்பியின் மெக்கானிக்கல் பென்சிலில் ஈயத்தை எடுத்துவிட்டு, அதன் முனையால் ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தேன். இரண்டு நிமிர்ந்தன. மூன்றாவது முறிந்து பென்சில் முனையிலேயே வந்துவிட்டது. நான்கு வருடம் ஓடிய கணினி அதோடு நின்றுபோனது.

கேட்டால், “நீ கொண்டு வரும்போதே அப்படித்தான்” என்கிறார். என்னிடம் சாட்சி இல்லை. இன்டெல் போர்டுகளிலும், ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்5 சாக்கெட்டிலும் பின் போர்டில் இருக்கும், அதன் பழைய ஏஎம்4 சாக்கெட்டில் புரோசஸரின் அடியில் இருக்கும். எதுவானாலும் கடையில் ஒப்படைக்கும் முன்பு, அவர்கள் எதிரிலேயே சாக்கெட்டைத் திறந்து கிட்டத்தில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

இனி, எந்தச் சாக்கெட் என்று முடிவெடுப்பது பற்றி. இதை முதலிலேயே யோசித்திருந்தால் அந்தக் கடைக்கே போயிருக்க மாட்டேன். எல்ஜிஏ1200 வந்தது 2020-ல். 2021 நவம்பரில் எல்ஜிஏ1700 வந்துவிட்டது. நான் 780 வெள்ளி கொட்டப் போனது அப்படி முடிந்துபோன சாக்கெட்டில். ஏஎம்டி-யின் ஏஎம்4-க்கு ரைசன் 2017-ல் வந்தது, 2024-லும் அதற்குப் புதுப் புரோசஸர் வெளியிட்டார்கள். 2022-ல் வந்த ஏஎம்5-க்கு 2027 வரைக்குமாவது ஆதரவு உண்டு என்று அறிவித்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் புதிதாக வாங்குகிறவருக்கு ஏஎம்5-தான் சரி என்பேன். ஆனால் அது டிடிஆர்5 ரேம் மட்டுமே ஏற்கும். ரேம் விலை இப்போது ஏறிக் கிடக்கும் நிலையில், கையிலிருக்கும் டிடிஆர்4-ஐத் தூக்கி ஓரம் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் வேறு ஆளிடம் ஏஎம்4 சாக்கெட் உள்ள பி550 போர்டும் ரைசன் 5 5600 புரோசஸரும் வாங்கினேன். ரேம், கார்டு, பவர் சப்ளை எல்லாம் பழையதே. ஆறு கோர், 3060-க்குப் போதும். பிறகு ரைசன் 7 5700எக்ஸ்3டி கிடைத்தால் அதே போர்டில் போடலாம். எல்ஜிஏ1700-லும் டிடிஆர்4 போடும் போர்டுகள் உண்டு, ஐ5-12400எஃப் அதில் நல்ல தேர்வு. போர்டில் டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ என்று பார்த்து வாங்குங்கள், ஒன்றின் இடத்தில் மற்றது ஏறாது. புரோசஸரைக் குளிர்விக்கும் கூலரை மாட்டும் துளைகளின் இடைவெளியும் மாறிவிட்டது: 1200-ல் 75 மில்லிமீட்டர், 1700-ல் 78. பழைய கூலருக்குத் தனிப் பிடி தேவைப்படும். 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 பழையதாக வந்தால் எச்சரிக்கை. வோல்டேஜ் கோளாறை இன்டெலே 2024-ல் ஒப்புக்கொண்டு, இரண்டு வருடம் கூடுதல் உத்தரவாதம் கொடுத்தது.

போர்டின் பெயர் தெரியாதவர்கள் விண்டோஸில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ திறந்து ‘பேஸ்போர்டு புராடக்ட்’ என்ற வரியைப் பாருங்கள். அந்தப் பெயரை ஓரெழுத்து விடாமல் தேடுங்கள். கடைசியில் வி2, வி3 என்று இருந்தால் அதையும் சேர்த்து. பட்டியலில் உங்கள் புரோசஸர் இருக்கிறதா, எந்தப் பயோஸிலிருந்து என்று பார்த்து, அதைக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி ‘ஓடும்’ என்று எழுத்தில் வாங்கிய பிறகு காசு கொடுங்கள்.

சுவரில் ஒட்டிய தாளுக்குப் பயந்துவிடாதீர்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை ஒரு தாளை ஒட்டி எடுத்துவிட முடியாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் பதிய 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் வேண்டாம், இணையத்திலேயே பதியலாம். நான் பதிந்த விவரம் தெரிந்ததும் கடையிலிருந்து போன் வந்தது. 780 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்து ஐ7-ஐ வாங்கிக்கொண்டார்கள். அதில் 300-ஐ அம்மா கையில் கொடுத்துவிட்டேன். கூலி 50, பயோஸ் 60, முறிந்த போர்டு இந்த மூன்றும் விசாரணைக்குப் போகின்றன.

ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, பின் முறிந்த படம் எல்லாம் கோப்பில் இருக்கின்றன. இந்த வட்டாரத்தில் வேறு யாருக்காவது எச்410 அல்லது பி460 போர்டுக்கு 11-ஆம் தலைமுறை புரோசஸர் விற்றிருந்தால் ரசீதோடு எனக்கு எழுதுங்கள். எப்படிப் பதிவது என்று கூட இருந்து காட்டுகிறேன்.