வாரம் ஒரு சாஷேவா, தினம் ஒரு மாத்திரையா?

கர்ப்பத்தின் 26ஆவது வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை 156 என வந்தது. 140ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை நோய் என்பது இந்திய வழிகாட்டு நெறிமுறை. உடன் பார்த்த வைட்டமின் டி, மில்லிலிட்டருக்கு 14 நானோகிராம். 20க்குக் கீழே போனால் பற்றாக்குறை. வாரம் ஒருமுறை 60,000 யூனிட் சாஷே (பாலில் கலக்கிக் குடிக்கும் தூள் பொட்டலம்), அல்லது தினமும் 2,000 யூனிட் மாத்திரை என்று மருத்துவர் இரண்டு வழிகள் சொன்னார். நான் மாத்திரைக்குப் போனேன். என் ஓரகத்தி முந்தைய ஆண்டு சாஷே எடுத்தவர்.

வைட்டமின் டி தரும் வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் பயன்படாது, காலை இளவெயில் போதாது, நடுப்பகலில் நிறைமாதக் கர்ப்பிணியை மொட்டை மாடிக்கு அனுப்ப யாருக்கும் மனம் வராது.

சாஷே, குறைந்த அளவைச் சீக்கிரம் ஏற்றிவிடும். இரத்தத்தில் உள்ள வைட்டமின் டியின் சேமிப்பு வடிவம் பாதியாகக் குறைய இரண்டு மூன்று வாரங்கள் ஆகும் என்பதால், ஓரிரு நாள் தள்ளிப்போனாலும் பாதகமில்லை.

ஆனால் பிரசவத்திற்குப் பின் கிழமை நினைவில் நிற்பதில்லை. என் முடிவு முழுக்க இதில்தான் நின்றது. ஓரகத்தி நாட்காட்டியில் ஞாயிறுதோறும் வட்டம் போட்டு, பாலில் கலக்கி ஒழுங்காகத்தான் குடித்துவந்தார். குழந்தை பிறந்து, இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பாலூட்டும் வீட்டில், ஒரு ஞாயிறு விட்டுப்போயிற்று. மறு ஞாயிறு காலையில் அவரே ஒன்றைக் குடித்திருக்க, அது தெரியாத மாமியார் மாலையில் இன்னொன்றைக் கலக்கிக் கொடுத்துவிட்டார். ஒரே நாளில் 1,20,000 யூனிட். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, என்றாலும் வீடே பயந்துபோயிற்று. என் மாத்திரையை அப்படி இரண்டாகப் போட்டிருந்தாலும் 4,000 யூனிட்தான். பெரியவர்களுக்கான தினசரி உச்ச வரம்பே அதுதான். மேலும், பிரசவத்திற்குப் பின் ஆறு மாதம் வரை கால்சியம் மாத்திரை எப்படியும் தொடர்வதால், அதே டப்பாவில் இதையும் போட்டுவைத்தேன். தனியாக நினைவில் வைக்க வேண்டியிருக்கவில்லை. அரசு தரும் கால்சியம் மாத்திரையிலும் 250 யூனிட் உண்டு, தினம் இரண்டு வேளை. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தாய்ப்பாலுக்கு இது போதும் என்று சொல்ல மாட்டேன். 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தாய் தினமும் 6,400 யூனிட் எடுத்தபோதுதான் குழந்தைக்கான 400 யூனிட் சொட்டு மருந்துக்கு அது ஈடானது. ஆகவே, என் குழந்தைக்குச் சொட்டு மருந்து தொடர்ந்தது.

சர்க்கரைக்கு இவை இரண்டும் மருந்தல்ல. பற்றாக்குறையும் கர்ப்பகாலச் சர்க்கரையும் சேர்ந்தே காணப்படுவது உண்மை. அதனால் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 2,423 பேருக்கு (கர்ப்பிணிகள் அல்லர்) நடந்த 2019ஆம் ஆண்டு ஆய்வில் தினமும் 4,000 யூனிட் கொடுத்தும் நோயைத் தடுத்ததாக உறுதியாகவில்லை. பிரசவமான ஆறாவது வாரம் மறுபடி குளுக்கோஸ் குடித்தபோது எனக்கு 118 வந்தது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் சர்க்கரை இறங்குவது பெரும்பாலோருக்கு நடப்பதுதான், மாத்திரையின் கணக்கில் அதை நான் எழுதவில்லை.