60 லீற்றர் பயோடீசல் செட்: டாங்கி நல்லது, சுவிச்சை மாற்றாமல் வாங்க வேண்டாம்

பொரித்த பழைய எண்ணெயை மெதனோலோடு (ஒரு வகை அற்ககோல்) சேர்த்து, டீசலுக்குப் பதிலான பயோடீசலாக்க, திருகோணமலையில் ஒரு வெல்டிங் பட்டறை ஓடருக்குச் செய்துகொடுக்கும் செட் இது. கூம்பு அடி கொண்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டாங்கி, 1.5 கிலோவாற் ஹீற்றர், இரும்பு உடல் மோட்டார், மெதனோல் கலக்க ஒரு பிளாஸ்டிக் கான். பெயர் 60 லீற்றர் என்றாலும் ஒரு தரத்துக்கு 40 லீற்றர் எண்ணெய்தான் கணக்கு; மெதனோல் சேர்ந்தால் 50 வரை ஏறும்.

டாங்கியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கலக்கி இரவு முழுக்க அடையவிட்டு, காலையில் அடி வால்வைத் திறந்தால், முதலில் கிளிசரின் (அடியில் படியும் உபபொருள்) கித்துள் பாணி போலக் கறுத்துக் கொழகொழவென்று வரும். பிறகு பயோடீசல் வர, சட்டென்று தேன் நிறமாகி ஓட்டம் இளகும். அந்த நொடியில் பூட்ட வேண்டும். அதைப் பார்ப்பதற்கென்றே வால்வுக்குக் கீழே ஒளிபுகும் குழாய் வைத்திருக்கிறார்கள், நல்ல யோசனை. ஆனால் அது சாதாரண பீவீசீ. நாள்போக விறைத்து வெடிக்கும். மாற்றுத் துண்டு ஒன்று கையில் இருக்கட்டும். வால்வு பித்தளை. அதிலுள்ள செம்பும் நாகமும் (துத்தநாகம்) பயோடீசலைக் கெடுக்கும், ஸ்டெயின்லெஸ் வால்வு போடச் சொல்லுங்கள்.

பெரிய பிழை சுவிச்சில். ஹீற்றர் சுவிச்சை மூடிக்குப் பக்கத்திலேயே பூட்டியிருக்கிறார்கள். மெதனோல் 65 பாகையில் கொதிக்கும், அதன் ஆவி ஒரு பொறிக்கே பற்றும், சுவாலையோ பகலில் கண்ணுக்குத் தெரியாது. சுவிச்சை இரண்டு மீற்றர் தள்ளி வைக்கவேண்டும். எண்ணெய் 55 பாகைக்கு வந்ததும் (20, 25 நிமிடம் போதும்) ஹீற்றரை நிறுத்திவிட்டுத்தான் மெதனோல் கலவையை விடவேண்டும். வேலை வெளியில், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

செட்டோடு தரும் தாளில் லீற்றருக்கு 5 கிராம் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு (மெதனோலில் கரைத்துச் சேர்க்கும் காரம்) என்று எல்லா எண்ணெய்க்கும் ஒரே அளவு போட்டிருக்கிறது. இதை நம்பினால் முதல் தரமே பாழ். பொரித்த எண்ணெயில் உள்ள கொழுப்பமிலம் காரத்தைத் தின்று சவர்க்காரமாகிவிடும், அதனால் ஒவ்வொரு வாளியையும் சோதிக்க வேண்டும். ஒரு லீற்றர் வடிநீரில் 1 கிராம் ஐதரொட்சைட்டைக் கரையுங்கள். 10 மில்லிலீற்றர் ஐசோபுரொப்பைல் அற்ககோலில் 1 மில்லிலீற்றர் எண்ணெயும் இரண்டு சொட்டு பினோப்தலீனும் (காரம் கூடினால் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி) விட்டு, அந்தக் கரைசலைச் சொட்டுச்சொட்டாகச் சேருங்கள். இளஞ்சிவப்பு கால் நிமிடம் நிற்கும்வரை 3 மில்லிலீற்றர் போனால், லீற்றருக்கு அடிப்படை அளவு 7உம் சோதனையில் போன 3உம் சேர்ந்து பத்துக் கிராம். 40 லீற்றருக்கு 400 கிராம். சோதனையில் 6 மில்லிலீற்றருக்கு மேல் போகிற எண்ணெயை எடுக்கவே வேண்டாம். மாரியில் ஐதரொட்சைட்டு ஈரம் குடித்துக் கட்டிபட்டுவிடும், போத்தலை இறுக மூடிவையுங்கள்.

மெதனோல் அளவையும் அந்தத் தாள் பிரித்துச் சொல்லவில்லை. ரோல்ஸ் கடைப் பாம் எண்ணெய்க்கு 8 லீற்றர் போதும். தேங்காயெண்ணெய்க்கு 10 வேண்டும், அதன் கொழுப்பு மூலக்கூறு சிறியது. உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல் எண்ணெயில் தண்ணீர் கிடக்கும். முதலில் 110 பாகைக்குச் சூடாக்கி, கொப்புளம் அடங்கியபின் ஆறவிட்டே தொடங்குங்கள்.

ஒரு மணித்தியாலம் மோட்டாரை ஓடவிட்டு, அடைந்தபின் மேலே நிற்கும் பயோடீசலில் 3 மில்லிலீற்றரை 27 மில்லிலீற்றர் மெதனோலில் கலந்து பாருங்கள். அடியில் எண்ணெய்ச் சொட்டு நின்றால் வேலை முடியவில்லை.

கழுவுவதற்கு மீன்தொட்டிக் காற்றுக்கல் தருகிறார்கள். முதல் கழுவலுக்கு அது கூடாது. சவர்க்காரம் பொங்கித் தயிர்போல் திரண்டுவிடும். தெளிப்பானால் மெல்லத் தூவுங்கள். திரண்டுவிட்டால் இளஞ்சூட்டு உப்புத்தண்ணீர் பிரித்துத் தரும்.

லேண்ட்மாஸ்ரருக்கும் (இரு சில்லு உழவு இயந்திரம்) ஜெனரேற்றருக்கும் டீசலோடு ஐந்தில் ஒரு பங்காகத் தொடங்கலாம். பழைய கசடு கரைந்து வந்து பில்டரை அடைக்கும், இன்னொன்று வாங்கிவையுங்கள். கொமன் ரெயில் எஞ்சினுக்கு (உயர் அழுத்தத்தில் டீசல் பீச்சும் புதிய வகை) விடாதீர்கள். பாம் எண்ணெயில் செய்தது 15 பாகைக்குக் கிட்ட மங்கத் தொடங்கும்: இங்கே கவலையில்லை, நுவரெலியாவுக்குப் போகிற வாகனத்துக்கு ஊற்றாதீர்கள்.