வெண்கலக் கேடயமா, தோல் கேடயமா?

அயர்லாந்தின் பீட் (பாதி மக்கிய செடிகொடிகள் படிந்த மண்) சதுப்புகள் வெண்கலக் காலத்துக் கேடயங்கள் இரண்டைக் காப்பாற்றித் தந்திருக்கின்றன. ஒன்று லிமரிக் மாவட்டத்து லாக் கர் ஏரிப் பக்கம் கிடைத்த வெண்கலக் கேடயம். மற்றொன்று லாங்ஃபோர்டு மாவட்டத்துக் க்ளான்பிரினில் 1908இல் பீட் வெட்டும்போது வெளிவந்த தோல் கேடயம்.

அழகுக்கு முதலாவதுதான். சுமார் 70 செ.மீ. அகலம். ஒரே தகட்டைத் தட்டித் தட்டி, வட்டம் வட்டமாகக் குமிழ்களை எழுப்பியிருக்கிறார்கள். அந்தக் கைவேலையைப் பார்த்தால் கண்ணை எடுக்க மனம் வராது.

ஆனால் வாள் வீச்சைத் தாங்குமா? தொல்லியலாளர் ஜான் கோல்ஸ் 1960களில் இரண்டு வகைக்கும் நகல் செய்து வாளால் வெட்டிப் பார்த்தார். மெல்லிய உலோகத் தகடு பிளந்துபோனது. பதப்படுத்திய தோல் பெரிய சேதமில்லாமல் நின்றது. அவர் பயன்படுத்தியது செம்புத் தகடு என்பதையும் சொல்லியாக வேண்டும். வெள்ளீயம் கலந்த தடித்த வெண்கலத் தகடு அத்தனை எளிதில் கிழியாது என்று பிற்காலச் சோதனைகள் காட்டின. அதனால் 'வெண்கலக் கேடயம் வெறும் அலங்காரம்' என்று தள்ளிவிடுவது அவசரம்.

என்றாலும் என் மனம் தோல் பக்கமே சாய்கிறது. நடுக் குமிழின் மேல் தனியாக ஒரு தோல் மூடி, பின்புறம் தோலாலேயே கைப்பிடி: தேவையறிந்து செய்த வேலை. காற்றுப் புகாத, அமிலம் நிறைந்த பீட் மண் இல்லையென்றால் இது என்றைக்கோ மக்கியிருக்கும். சாதாரண மண்ணில் வெண்கலம் தப்பும், தோல் தப்பாது. அன்றைய வீரர்கள் எத்தனை பேர் தோல் கேடயம் ஏந்தினார்களோ, நமக்குக் கிடைத்தது இந்த ஒன்றைப் போலச் சொற்பமே.