டோட்டல் லொஸ் கிளெய்ம்: இழுபறி எல்லாம் உடைந்த வண்டியின் விலையில்தான்

திருகோணமலைக் கிளைகளில் விற்கும் ஃபுல் இன்சூரன்ஸில், விபத்து நடந்த நாள் சேவைக்குப் பொதுவாகக் குறை சொல்ல முடியாது. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இரவில் யானையில் மோதினாலும் சரி, நிலாவெளி வீதியில் டிப்பர் இடித்தாலும் சரி, ஹொட்லைனுக்கு கோல் எடுத்தால், சேதத்தை மதிப்பிடும் அசெசர் வருகிறார், படம் எடுக்கிறார், தாளில் கையெழுத்து வாங்குகிறார். அதற்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். "இனித் திருத்த ஏலாது, டோட்டல் லொஸ்" என்று முடிவாகிக் கணக்குப் பேச உட்காரும் கட்டத்துக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வராது.

காரணம், கணக்கின் இரண்டாவது வரி. சந்தை விலை 80 இலட்சம், பொலிசியும் 80க்கே என்று வையுங்கள். உடைந்த வண்டியின் பெறுமதி, அதாவது சால்வேஜ், 25 இலட்சம் என்று கொம்பனி போடுகிறது. "55ஐ வாங்குங்கள், வண்டியையும் நீங்களே வையுங்கள்" என்கிறார்கள். எல்லாரும் 80ஐ 85 ஆக்கத்தான் சண்டை பிடிக்கிறார்கள். சறுக்குவது 25இல்.

அந்த 25ஐத் தருவதாகச் சொன்னது யார் என்று எழுத்தில் கேளுங்கள். விலை கேட்டவரின் தொகை, திகதி, அது எத்தனை நாளுக்குச் செல்லும் என்ற மூன்றும் தாளில் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இருந்தால், அவருக்கே வண்டியைக் கொடுத்து முழுத்தொகையைத் தாருங்கள் என்பதே நியாயமான பதில். ஆள் இல்லையென்றால் அது விலையே இல்லை, ஆசை. கையில் பணமா, திருத்தமா, மாற்று வண்டியா என்று தெரிவு செய்யும் உரிமையைப் பெரும்பாலான பொலிசிகள் கொம்பனிக்குத்தான் கொடுக்கின்றன. ஆனால் வாங்க ஆளில்லாத விலையைக் கழிக்கும் உரிமையை அது கொடுப்பதில்லை.

வாங்குபவர் கொழும்புக்காரர் என்றால் இன்னொரு சிக்கல். வண்டி நிற்பது சீனன்குடாவிலோ கிண்ணியாவிலோ ஒரு கராஜில். அங்கிருந்து கொழும்புக்குச் சுமார் 260 கிலோமீட்டர். ஏற்றுக்கூலி யாருடையது என்பதை முதலே பேசாவிட்டால், வந்து பார்த்த பிறகு விலை இறங்கும். கராஜில் நிற்கும்போது பற்றரியோ சில்லோ காணாமல் போனாலும் அப்படித்தான். ஒப்படைக்கும் அன்றே என்ஜின் இலக்கம், செஸி இலக்கம், ஹைப்ரிட் என்றால் அந்தப் பற்றரி, மீட்டர் வாசிப்பு எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024இன் 23ஆம் வாரம் செய்தது. புது டயர் என்று வாதாட அந்த நான்கு இலக்கம் போதும்.

கடலோர ஊர் என்பதால் துருவும் கணக்கில் வரும். அசெசர் கதவுக்குக் கீழே டோர்ச் அடித்து, ஸ்குரூ டிரைவரால் தட்டிப் பார்ப்பார். துரு இருந்தால் சந்தை விலையில் குறைப்பது சரிதான். ஆனால் சந்தை விலை பேசும்போது உப்பில் அரித்த வண்டி, சால்வேஜ் பேசும்போது நல்ல பார்ட்ஸ் நிறைந்த வண்டி என்று ஒரே அறிக்கையில் இரண்டு முகம் காட்டினால் விடக்கூடாது. துருவுக்கு எவ்வளவு குறைத்தார்களோ, அது சால்வேஜிலும் தெரிய வேண்டும்.

சந்தை விலைக்கு ஆதாரம் திரட்டுவது எளிது. இக்மன், ரியசெவன இணையத்தள விளம்பரங்களில் அதே மொடல், அதே கிரேட், கிட்டத்தட்ட அதே ஓட்டம் உள்ள ஐந்தாறைத் திகதியோடு எடுத்து வைத்தால் போதும். பார்க்க வேண்டியது உற்பத்தி ஆண்டு. பதிவு ஆண்டு அல்ல. விளம்பர விலை கேட்கும் விலைதான் என்பதால், நீங்களே கொஞ்சம் குறைத்து எழுதினால் உங்கள் தாளுக்கு மதிப்புக் கூடும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கும்வரை விலை ஏறிய வேகம் தெரிந்ததே. அந்தக் காலத்தில் பழைய தொகைக்கே புதுப்பித்தவர்கள் மாட்டிக்கொண்டது ஆவரேஜ் விதியில், அதாவது பெறுமதிக்குக் குறைவாக எழுதியிருந்தால் இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும் என்ற விதியில். 80 பெறுமதியான வண்டியை 60க்கு எழுதியிருந்தால், 20 இலட்சத் திருத்த வேலைக்கு 15தான் வரும். டோட்டல் லொஸ்ஸுக்கு 60தான் உச்சம். ஆனால் நட்டத்தில் காற்பங்கை உரிமையாளர் சுமக்கிறார் என்றால், உடைந்த வண்டியிலும் காற்பங்கு அவருடையதுதானே? சால்வேஜ் 16 என்றால், முழுவதையும் கழித்து 44 தருவது ஒரு கணக்கு. 12ஐ மட்டும் கழித்து 48 தருவது இன்னொன்று. ஆவரேஜ் வாசகம் பொலிசியில் இருந்தால் இரண்டாவதைக் கேளுங்கள். நான்கு இலட்சம் சின்னக் காசில்லை.

மறுபக்கத் தொல்லையும் உண்டு: டோட்டல் லொஸ் ஆக வேண்டியதைத் திருத்தச் சொல்வது. வெளியே தெரியும் சேதத்துக்கு மட்டும், ரீகண்டிஷன் பார்ட்ஸ் விலையில் போட்ட எஸ்டிமேட் எப்போதும் குறைவாகத்தான் வரும். முன்பக்கத்தைக் கழற்றி, செஸி அளவு பார்த்து, எயார்பேக், வயரிங் எல்லாம் சேர்த்து இரண்டாவது எஸ்டிமேட் போடச் சொல்லுங்கள். கழற்றும்போது அசெசர் பக்கத்தில் நிற்க வேண்டும், இல்லையென்றால் பிறகு ஒத்துக்கொள்ள மாட்டார்.

லீசிங் இருந்தால் காசு முதலில் அங்கேதான் போகும், மிச்சம்தான் உங்களுக்கு. குறித்த திகதிக்கு மிச்சக் கடன் எவ்வளவு என்று காட்டும் செட்டில்மென்ட் கடிதத்தை எடுங்கள். பேச்சு இழுபடும் மாதங்களிலும் தவணை கட்டத்தான் வேண்டும்.

"முழுமையான இறுதித் தீர்வு" என்றிருக்கும் வவுச்சரில், தொகையில் உடன்பாடு வரும்வரை கையெழுத்து வைக்க வேண்டாம். வைத்த பிறகு முறையிடுவது கடினம். கொம்பனியின் இறுதிப் பதில் எழுத்தில் வந்தும் திருப்தியில்லை என்றால் முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் இல்லை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம்.

வண்டியைக் கொடுக்கும்போது உடைமை மாற்றப் படிவத்தில் வாங்குபவரின் பெயர் வெறுமையாக இருந்தால் கையெழுத்து வைக்காதீர்கள். பெயரும் திகதியும் எழுதி, பிரதி ஒன்றைக் கையில் எடுத்த பிறகுதான் சிஆர் புத்தகமும் (வண்டியின் பதிவுச் சான்றிதழ்) இரண்டாவது சாவியும்.